பஞ்சமிக்கு வராதீர்கள், முந்தின நாள் மத்தியானம் வாருங்கள்

சொந்த ஊர் திருவையாறு என்று சொன்னால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. அசோகா அல்வா எந்தக் கடையில் நல்லா இருக்கும், தியாகராஜர் ஆராதனைக்குப் போவீங்களா. முதல் கேள்விக்கு இன்பாக்ஸ் வாருங்கள். இரண்டாவதைத்தான் இங்கே கொஞ்சம் கொட்டித் தீர்க்கணும்.

போவேன். சின்ன வயதிலிருந்து ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பின்னால் போனவன். ஆனால் இப்போது பஞ்சமி காலையில், அதாவது தியாகராஜர் சமாதி அடைந்த திதி அன்று மட்டும், வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. கார் வரிசை, டிவி கேமரா, பட்டுப்புடவை, செல்ஃபி. புல்லாங்குழலில் 'சேதுலாரா' கீர்த்தனை முடிந்து, ஐந்து ராகத்தில் அவர் செய்த ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை நாட்டை ராகத்தில் ஆரம்பிக்கும்போது நூற்றுக்கணக்கான குரல் ஒன்றாக எழும், அது சிலிர்ப்புதான், மறுக்கவில்லை. கௌளை, ஆரபி வரைக்கும் ஓடும். வராளி வந்ததும் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேருக்கு வாய் மட்டும்தான் அசையும். (வராளியைக் குரு நேரடியாகச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டே, அந்தச் சாக்கு இருக்கிறது.) ஸ்ரீராகம் வந்துவிட்டால் திரும்ப எல்லோருக்கும் குரல் வந்துவிடும். தீபாராதனை ஆனதும் ஒரு மணி நேரத்தில் பந்தலில் பாதி காலி.

இந்த ஒரு மணி நேரம்தான் ஆராதனை என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. தியாகராஜர் சமாதி அடைந்தது 1847 ஜனவரி 6. பஞ்சரத்னத்தைக் கோஷ்டியாகப் பாடுவது 1940-களில்தான் வழக்கமானது. அதற்கு முன்னால் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று வித்வான்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆராதனை நடத்தினார்கள். இரண்டிலும் பெண்கள் பாட முடியாது. சமாதி சிதைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொத்தைப் போட்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அந்தக் கதிதான். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை, பெண்களைச் சேர்த்துத் தனியாக ஒரு கட்சி கட்டிப் பாடினார். 1952-ல் காலமானார். சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அவர் சிலையைப் பஞ்சமி அன்று எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்? கைப்பையை வைக்க இடம் தேடுகிறவர்கள் பார்க்கிறார்கள்.

சரி, ஆராதனையின் மற்ற நாட்களுக்கு வருகிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறுவார். பெரிய பெயரோ சின்னப் பெயரோ, எல்லோருக்கும் சில நிமிடங்கள்தான். சன்மானம் கிடையாது. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து ஒரே ஒரு கீர்த்தனை பாடிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். சிலது சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்ருதி சேராமல் கஷ்டப்படுத்துவார்கள், தனியாக வாசித்துக் காட்டும் தனி ஆவர்த்தனத்துக்கு நேரமில்லாமல் மிருதங்கக்காரர் முகம் சுருங்கும்.

ஆனால் ஒரு வருஷம், நாலாம் நாள், அதாவது பஞ்சமிக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். பந்தலில் நாற்பது பேர், அதில் பத்துப் பேர் தூக்கம். பதினாறு வயது இருக்கும், ஒரு பெண் கரகரப்பிரியா ராகத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தது. பல்லவி முடிந்து அனுபல்லவியில் ஏறும் நேரத்தில் மைக் செத்துவிட்டது. அந்தப் பெண் நிறுத்தவில்லை. மிருதங்கக்காரர் அடியைக் குறைத்துக்கொண்டார், வயலின் அம்மா வில்லை லேசாக்கினார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஜமுக்காளத்தைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்கள். தூங்கிய பெரியவர் ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மைக் திரும்ப வந்தபோது, 'வேண்டாம், அணைச்சிடுங்க' என்று யாரோ கத்தினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதைக் கேமரா எதுவும் எடுக்கவில்லை. மூட்டை கட்டி வைத்திருந்தார்கள், மறுநாள் காலைக்காக.

பஞ்சமிக்கு வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை (கொஞ்சம் சொல்கிறேன்தான்). வாழ்க்கையில் ஒருமுறை அந்தக் கோஷ்டியில் உட்கார்ந்து பாடணும் என்று ஆசைப்படுவது நியாயம். ஆனால் ஒருநாள் முன்னாடியே கிளம்புங்களேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை மணி நேரம்தான். மத்தியானம் மூன்று மணிக்குப் பந்தலில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், இடம் கிடைக்கும். ஜமுக்காளம் நான் கொண்டுவருகிறேன்.