ஜெல் ஃபில்ட்ரேஷன்ல சின்னது முதல்ல வராது

புரோட்டீன்களை சைஸ் வாரியா பிரிக்கிற ஜெல் ஃபில்ட்ரேஷன் பத்தி மேல ஒரு அண்ணன் "அது சல்லடை மாதிரி, சின்ன புரோட்டீன் முதல்ல வெளிய வரும்"னு போட்டிருக்காரு, அதுக்கு நாப்பது பேரு லைக் வேற. தப்புங்கண்ணே, அப்படியே தலைகீழ்.

இதுக்கு காலம் (column)னு ஒரு நீளக் குழாய், அதுக்குள்ள இருக்கிறது ஓட்டை உள்ள குட்டிக் குட்டி பீட்ஸ் (மணிகள்). பினாங்கு லிட்டில் இந்தியாவை நெனச்சுக்குங்க. லாரி கடைக்குள்ள நுழைய முடியாது, அதனால நேரா ரோட்டோட போய் சீக்கிரம் வெளிய வந்துரும், நம்ம ஆளுங்க ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி வளையல் பாத்து முறுக்கு வாங்கி லேட்டாத்தான் வருவாங்க. பெரிய மூலக்கூறு லாரி, சின்னது நம்ம ஆளு. நீல நிற புளூ டெக்ஸ்ட்ரான் (மூலக்கூறு எடை சுமார் 2,000 கிலோடால்டன்), சிவப்பு நிற புரோட்டீனான சைட்டோகுரோம் சி (சுமார் 12 கிலோடால்டன்) ரெண்டையும் கலந்து ஊத்திப் பாருங்க, நீலம் முதல்ல வரும், சிவப்பு பின்னாடி வரும், கண்ணாலயே பாக்கலாம்.

குழப்பம், புரோட்டீனை மின்சாரம் வெச்சு ஜெல் வழியா ஓட விட்டுப் பிரிக்கிற எஸ்டிஎஸ்-பேஜ்ல இருந்து வந்திருக்கும்னு நெனைக்கிறேன். அங்க சுத்தி வர வழியே இல்ல, ஜெல் ஒரே வலை, எல்லாம் அதுக்குள்ளதான் நுழைஞ்சு போகணும், அதனால சின்னது வேகமா கீழ ஓடும். பேரு ரெண்டுக்கும் ஜெல்தான், வேலை வேற லா.

இன்னொண்ணு, சைஸ்னா வெறும் எடை இல்ல, நீட்டமா இருக்கிற புரோட்டீன் அதே எடையுள்ள உருண்டையை விட முன்னாடியே வந்துரும்.

அந்த அண்ணன் சொன்னதை நம்பி யாராவது புரோட்டீன் கரைசல்ல இருந்து உப்பை நீக்க இந்தக் காலத்தை (column) ஓட்டினா புரோட்டீன் இருக்கிற முதல் டியூப்பை சிங்க்ல ஊத்திட்டு உப்புத்தண்ணிய பத்திரமா ஃப்ரிட்ஜ்ல வெப்பாங்க. நானே ஒருதடவை ஊத்தியிருக்கேன், மூணு நாள் வேலை போச்சு.