வேடியப்பனுக்கு என்ன பவர்?

போன ஞாயிற்றுக்கிழமை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். ஊத்தங்கரையிலிருந்து பிரிந்து போகும் மண்சாலையின் முடிவில், புளியமரத்தடியில் இருக்கிறார் எங்கள் வேடியப்பன். கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே தகரக் கூரை, முன்னால் நான்கைந்து வேல்கள். அவ்வளவுதான்.

அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஸ்பைடர்மேன் படம் போட்ட பனியனோடு வந்து நின்றான். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி முன்னாடி எவனோ வெள்ளைக்காரன் பொம்மைய நெஞ்சுல போட்டுக்கினு வர்றியே, போய் வேற சட்டை மாத்திக்கினு வாடா" என்றார்.

பையன் நகரவில்லை. கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் அம்மாவிடம் கேட்டான்: "ஆயா, இவருக்கு என்ன பவர்?"

அம்மா பொங்கலைக் கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பவரெல்லாம் ஒண்ணும் கெடையாது. புலி வந்துச்சு. மத்தவங்க ஓடினாங்க. இவரு நின்னாரு."

நாற்பத்தாறு வயதிலும் காமிக்ஸ் வாங்குகிறவன் நான். கல்யாண வீட்டிலும் அலுவலகத்திலும் "இன்னுமா இதெல்லாம் படிக்கிறே?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அதற்கு நான் இத்தனை வருடம் தேடிய பதிலை அம்மா மூன்று வரியில் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடுகற்கள் நிறைய இருக்கின்றன. வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடுவது பல ஊர்களில் அப்படி ஒரு நடுகல்லைத்தான். ஊர் மாட்டை அடுத்த ஊர்க்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய்ச் செத்தவன், ஊருக்குள் வந்த புலியை எதிர்த்துச் செத்தவன், இவர்களுக்கு ஊர் வைத்த கல். மாட்டு மந்தைக்குப் பழைய பெயர் தொறு. "தொறு மீட்டுப் பட்டான்" என்று வட்டெழுத்தில் வெட்டிய கற்கள் பல்லவர் காலத்திலிருந்து கிடைக்கின்றன. பட்டான் என்றால் இறந்தான். புலியோடு மோதியவனுக்கு வைத்தால் அது புலிகுத்திப்பட்டான் கல். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்றுகூடச் சில கற்களில் இருக்கும். ஆனால் கல்லில் பெரிதாக நிற்பவன் அரசன் இல்லை. மாடு மேய்த்தவனோ, ஊர்க்காவல் பார்த்தவனோ, அந்த மாதிரி ஒருத்தன்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்தக் கற்களை வரிசையாகப் பார்க்கலாம். சில கற்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டவை. கீழடுக்கில் சண்டை. நடு அடுக்கில் இரண்டு பக்கமும் தேவப்பெண்கள் அவனைத் தாங்கி மேலே கொண்டு போகிறார்கள். மேலடுக்கில் அவன் தேவலோகத்தில் உட்கார்ந்திருக்கிறான். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். சிறு வயதிலிருந்து காமிக்ஸ் கட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லில் வெட்டிய படக்கதை அது. வீரனை எல்லாரையும்விடப் பெரிதாகக் காட்டுவது, வில்லை முழுக்க இழுத்த நிலையில் நிறுத்துவது என்று காமிக்ஸ் அட்டைப்படத்தில் செய்கிற எல்லாமே அங்கே இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அப்பா கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர். 1989இல் கல் சரிந்து வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. குவாரிக்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், அதோடு சரி. அப்போதெல்லாம் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரித்தார்கள். எந்த மனு கொடுப்பதென்றாலும் தருமபுரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பா இரண்டு தடவை போய்வந்தார், அப்புறம் விட்டுவிட்டார். பஸ்ஸில் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டிக்கெட் வாங்கக்கூட இடது கையைத்தான் நீட்டுவார்.

அந்த வருடம்தான் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எனக்கு இரும்புக்கை மாயாவி கிடைத்தார். அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ். நம் ஊர் ரசிகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற ஒரு உதவியாளர். விபத்தில் கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். அந்தக் கையால் மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு முழுக்க மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன், "நீயும் கரண்ட்டத் தொட்டா மறைஞ்சிடுவியாப்பா?"

அடி விழும் என்றுதான் அம்மா நினைத்தாராம். அப்பா புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆளு மறைஞ்சிட்டான், கை மட்டும் தெரியுதே" என்றார். ஆமாம்பா, கையை மட்டும் மறைக்க முடியாது என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு விரலால் பக்கத்தைத் திருப்பினார். வேலை இல்லாத அந்த ஐந்தாறு மாதம் ராத்திரியானால் நான் படிக்க, அவர் அந்தக் கையால் பக்கம் திருப்ப, அப்படித்தான் எங்கள் வீட்டில் காமிக்ஸ் வாசிப்பு நடந்தது. வெளியே போகும்போது துண்டு திரும்ப வந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் அது போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு யாராவது என்னிடம் "அதெல்லாம் குழந்தைகளுக்கான கதை" என்று சொன்னால், நான் சண்டைக்கு வருவேன்.

மாயாவியின் மூலக்கதை 1962இல் இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆரம்பத்தில் மாயாவி நல்லவர் இல்லை. கிடைத்த சக்தியை வைத்துத் தப்பு வழியில்தான் போகிறார், பிறகுதான் திருந்துகிறார். அதே 1962இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தார்கள். அவனும் முதலில் செய்வது தப்புத்தான். ஓடுகிற திருடனைத் தடுக்காமல் விட்டுவிடுகிறான், அதே திருடன் அவன் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். சிலந்தி கடித்ததால் சுவரில் ஏற முடிகிறது, ஆனால் அவன் ஹீரோ ஆவது அந்தக் குற்ற உணர்ச்சியால்தான். சக்தி கிடைப்பது ஒன்று, நிற்பது வேறொன்று. அம்மா சொன்னது இந்த இரண்டாவதைத்தான்.

இவற்றை உருவாக்கியவர்களையும் பாருங்கள். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்துப் பையன்கள், பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1932இல் சீகலின் அப்பாவின் பழைய துணிக்கடையில் திருடர்கள் புகுந்தார்கள். அந்த அதிர்ச்சியில் அவர் இறந்துபோனார். கொஞ்ச காலத்தில் மகன் எழுதிய கதையில், எந்தக் குண்டும் துளைக்காத உடம்போடு ஒருவன் திருடர்கள் முன்னால் நிற்கிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜேக் கிர்பி என்ற மாபெரும் ஓவியர், காருக்கடியில் மாட்டிய குழந்தையைக் காப்பாற்ற ஒரு தாய் காரையே தூக்கியதைப் பார்த்ததாகவும், ஹல்க் அங்கிருந்து வந்ததாகவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பச்சை நிறத்தில் மலை மாதிரி நிற்கும் அந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு அம்மா!

1938இல் வெளிவந்த சூப்பர்மேனின் மொத்த உரிமைக்கும் சீகல், ஷஸ்டர் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 130 டாலர். ஓய்வூதியம் 1975இல்தான் வந்தது, இடையில் எடுத்துவிட்ட பெயரும் அப்போதுதான் திரும்ப வந்தது. பேட்மேனை வளர்த்தெடுத்த பில் ஃபிங்கரின் பெயர் 2015இல்தான் முறைப்படி சேர்ந்தது. அவர் இறந்தது 1974இல். நீதியைப் பற்றிக் கதை எழுதியவர்களுக்கு நடந்தது இது. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இன்னொன்று, முகமூடி. நம் சினிமா நாயகன் வரும்போதே பாட்டோடும் பேனரோடும் வருகிறான், முகம்தான் அவனுக்கு எல்லாமே. ஸ்பைடர்மேனுக்கு ஒரு அங்குலத் தோல்கூட வெளியே தெரியாது. எந்த நிறத்துப் பிள்ளையும் உள்ளே இருப்பது தான்தான் என்று நினைக்கலாம், அதுதான் அந்த உடையின் சிறப்பு என்று ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். எங்கள் வேடியப்பன் கல்லிலும் முகம் இல்லை. எத்தனையோ தலைமுறையாக எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, கழுவிக் கழுவிக் கண்ணும் மூக்கும் வழுவழுப்பாகிவிட்டன. எழுத்தும் அழிந்துவிட்டது. அந்த ஆளின் சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது. அதனாலோ என்னவோ, அந்த முகத்தில் நான் அப்பாவைத்தான் பார்க்கிறேன்.

இப்போது வருகிற படங்கள் எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். வானத்தில் ஓட்டை விழும், கட்டடங்கள் சரியும், கீழே இருந்த ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. அது எனக்குப் பிடிப்பதில்லை. 2004இல் வந்த இரண்டாவது ஸ்பைடர்மேன் படத்தில் அந்த ரயில் காட்சி நினைவிருக்கிறதா? ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழப்போகிறவனைப் பயணிகள் பிடிக்கிறார்கள். தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, சின்னப் பையனாக இருக்கிறானே என்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றியவனைத் தூக்குகிறார்கள். நடுகல் நட்ட ஊர் செய்ததும் அதுதானே.

அதனால் பெரியப்பா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன். பையன் அந்தப் பனியனோடு வந்ததில் சாமிக்குத்தம் ஏதும் இல்லை. ஒரே மாதிரி இரண்டு பேரை அவன் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். நாம் செய்ய வேண்டிய வேலை வேறு. கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையை எடுத்து 2025இல் சூப்பர்ஹீரோ படமாக்கிக் காட்டிவிட்டார்கள். நம் மண்ணில் மாடு மீட்டவனும் புலியைத் தடுத்தவனும் காட்டுக்குள் கல்லாக நிற்கிறார்கள். அவர்களை வரைய இங்கே ஆள் வேண்டும்.

அக்கா மகன் ஆரம்பித்துவிட்டான். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி போன் செய்து, "மாமா, புலி வர்றதுக்கு முன்னாடி அவர் என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்டான். மாடு மேய்த்துக்கொண்டிருப்பார் என்றேன். எத்தனை மாடு என்றான். ஆயாவைக் கேள் என்றேன். அம்மா இருபது என்று சொல்லியிருக்கிறார். இதுவரை பதினாலு வரைந்துவிட்டானாம். மிச்சத்தையும் வரைந்த பிறகுதான் புலியாம்.