முகூர்த்தத் தேதியோடு வருகிறவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும்

மெடிக்கல் ஷாப் கவுண்ட்டரில் நிற்கிறவன் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். "உடம்பு இளைக்கிற ஊசி இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்களில் நிறைய பேர் கையில் கல்யாணத் தேதி இருக்கிறது, டாக்டர் சீட்டு இல்லை. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, தொப்பையோடு மாதாமாதம் ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் வாங்கிப் போகிற அண்ணனிடம் "இதைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றால், "அது காசு இருக்கிறவங்க அழகுக்குப் போடுறது தம்பி, நான் வாயைக் கட்டினா போதும்" என்கிறார்.

கேட்க வேண்டியவரே அவர்தான். இந்த இளைக்கிற ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடை வைத்து நடந்த, செலக்ட் (SELECT) என்ற ஆய்வின் முடிவு 2023 நவம்பரில் வெளியானது. 41 நாடுகளில் 17,604 பேர். எல்லோரும் 45 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். மாரடைப்போ பக்கவாதமோ கால் ரத்தக்குழாய் அடைப்போ ஏற்கெனவே இருப்பவர்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 27க்குக் குறையாதவர்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மூன்று வருடத்துக்கு மேல் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 8 சதவீதம், மருந்துக்காரர்களில் 6.5 சதவீதம். விளம்பரத்தில் "20 சதவீதம் குறைவு" என்று வரும். அதுவும் பொய்யில்லை. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற அறுபத்தேழு பேர் வரை ஊசி போட வேண்டும் என்பதும் அதே கணக்குதான்.

எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். இளைத்ததால்தான் இதயம் பிழைத்தது என்று நினைத்தோம். பிறகு அதே தரவை அலசியதில், இடுப்புச் சுற்றளவு குறைந்ததால் வந்த பலன் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. மீதி எங்கிருந்து வந்தது? ரத்தக்குழாய் அழற்சி (உள்ளே வரும் வீக்கம்) குறைவது, ரத்த அழுத்தம் இறங்குவது என்று பல யூகங்கள். அதனால்தான் இதய நோயாளிக்கு இதை இளைக்கிற ஊசி என்று சொல்வதே எனக்கு உறுத்துகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட யாராவது வெட்கப்படுகிறார்களா? "வாயைக் கட்ட முடியாதவன்" என்று அவரைப் பேசுகிறோமா?

பயப்படுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இளைக்கிற மருந்துகளின் பழைய கதை நல்ல கதை இல்லை. ஃபென்-ஃபென் என்ற மருந்துக் கூட்டு இதய வால்வைக் கெடுத்தது, 1997ல் சந்தையை விட்டுப் போனது. சிபுட்ரமின் என்ற இன்னொரு மருந்து கொடுத்த இதய நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது. 2010ல் உலகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், அடுத்த வருடம் இந்தியாவும் தடை செய்தது. அந்தக் காலத்தில் எடை குறைந்தால் போதும், இதயமும் தானாக நன்றாகிவிடும் என்று நம்பிக் கொடுத்தார்கள். இப்போது இதயத்துக்கு என்ன ஆகிறது என்பதையே ஆய்வில் அளந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

தொல்லைகளும் உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். செலக்ட் ஆய்விலேயே பக்கவிளைவால் நிறுத்தியவர்கள் 16.6 சதவீதம், வெற்று ஊசியில் அதில் பாதிதான். நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி ஒரு வருடத்தில் திரும்பி ஏறிவிடும். கொழுப்போடு தசையும் கரையும். பசியே இல்லை என்று ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற அறுபது வயதுக்காரருக்கு முட்டையோ பருப்போ கூடவே வேண்டும். ஊசி போடுகிறோமே என்று மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்துவது கூடவே கூடாது.

இன்னொன்று, பிஎம்ஐ 27 என்பது அந்த ஆய்வின் கோடு. நம் ஊர் உடம்புக்கு 25லேயே உடல் பருமன் என்றுதான் இந்திய மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்று இருக்கிற நம் ஆட்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்துமா என்பதை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

விலைதான் பெரிய சுவர். ஆனால் செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். நம் கம்பெனிகள் செய்தால் விலை இறங்கும். முதலமைச்சர் காப்பீட்டில் அரசு ஸ்டென்ட்டுக்குப் பணம் கட்டுகிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விலை இறங்கியதும், மாரடைப்பு வந்து பிழைத்த, பருமனான நோயாளிகளுக்கு இந்த ஊசியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். கல்யாணக்காரர்கள் அப்புறம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும், அதுவும் சீட்டோடு.