பராக்குக் காட்டிவிட்டு ஓடாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்பவர்களில் கைக்குழந்தைக்காரிகளும் இருக்கிறார்கள். அம்மம்மா வீட்டில் இருந்தால் சரி. போரில் உறவுகளை இழந்தவர்களுக்கும், சொந்தங்கள் சிதறிப்போனவர்களுக்கும் அந்த வசதி இல்லை. அயலில் ஒரு அக்காவைத்தான் பிள்ளை பார்க்கப் பிடிக்க வேண்டும்.

84 நாள் பிரசவ லீவு முடிந்து போகும்போது பெரிய பிரச்சினை வராது. அந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் யார் தூக்கினாலும் அடங்கும். எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஆளை மாற்றினால்தான் ஊரைக் கூட்டும்.

அப்போது எல்லாரும் சொல்லும் புத்தி ஒன்று: "பிள்ளைக்குப் பராக்குக் காட்டிப்போட்டுப் பின்பக்கத்தால போயிடு." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அன்று அழுகையிலிருந்து தப்பலாம்தான். அடுத்த நாள் முதல் நீங்கள் கிணற்றடிக்குப் போனாலும் பிள்ளை காலைப் பிடிக்கும். எந்த நேரம் காணாமல் போவீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? முகத்துக்கு நேரே "அம்மா போட்டு வாறன்" என்று சொல்லுங்கள், கொஞ்சிவிட்டுப் போங்கள். அழும்தான். அந்த அக்காவின் தோளில் அழுது அடங்கட்டும். படலை வரை போய்த் திரும்பி ஓடி வராதீர்கள், அது இன்னும் மோசம்.

ஜேர்மனியில் சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் 'பெர்லின் முறை' என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாளும் தாயோ தகப்பனோ கூடவே இருக்க வேண்டும், பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். நாலாம் நாள்தான் சற்று நேரம் வெளியே போய்ப் பார்ப்பது. பராமரிப்பவர் தேற்றினால் பிள்ளை தேறுகிறதா என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம். நாங்களும் செய்யலாம். வேலை தொடங்க ஒரு கிழமைக்கு முன்பே அக்காவை வரச் சொல்லுங்கள். சோறு தீத்துவது, குளிக்க வார்ப்பது, ஏணை ஆட்டுவது எல்லாம் அவர் செய்யட்டும், நீங்கள் கண் பார்வையில் இருங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அவரிடம் கொடுங்கள், மடியில் போட்டுக்கொண்டு பிள்ளையை வைத்திருக்கட்டும். பிள்ளை தண்ணீருக்கு என்ன சொல்லும், எந்தப் பாட்டுக்கு நித்திரை கொள்ளும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். "நான்தானே வீட்டில நிக்கிறன், ஏன் காசு" என்று கணக்குப் பார்ப்பவர்களை நினைத்தால் எரிச்சல் வரும். அந்த அக்காவும் பல வேளை தனியாகக் குடும்பத்தைக் கொண்டு இழுப்பவர்தான்.

பின்னேரம் உங்களைக் கண்டதும் பிள்ளை வெடித்து அழுதால் உடனே "அவ அடிச்சிருப்பா" என்று அயலார் தொடங்குவார்கள். அனேகமாக அது நாள் முழுக்க அடக்கி வைத்த அழுகை. அடுப்படிக்கு ஓடாமல் முதலில் தூக்கி வைத்திருங்கள், தேநீரை அப்பாமார் போடலாம். ஆனால் உடம்பில் காயம் கண்டல் இருந்தால், அந்த அக்காவைக் கண்டதும் பிள்ளை பயந்து ஒடுங்கினால், கிழமைக் கணக்கில் சாப்பிடாமல் மெலிந்தால் பொறுத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆளை நிறுத்துங்கள், மருத்துவமாதுவிடமும் காட்டுங்கள்.