வந்தால்தானே ஐயா இலவசம்?

கரண்ட் மறுபடியும் போயிடுச்சு. மிக்ஸியில் தேங்காய் பாதி அரைபட்டுக் கிடக்கிறது. மன்னார்குடிப் பக்கம் இப்போது கடிகாரமே வேண்டாம், கரண்ட் போவதை வைத்தே மணி சொல்லிவிடலாம்.

மின்வாரியத்துக்குப் போன் போட்டால் "மேலேயே இல்லைங்க". அந்த மேல் எங்கேப்பா இருக்கிறது? கொள்ளிடம் தாண்டினால் நெய்வேலி. அங்கே எடுக்கிற கரண்ட் கேரளா, கர்நாடகா வரை போகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் வழி தெரியாதாமா?

ஆளுங்கட்சியைக் கேட்டால் முந்தைய ஆட்சி வைத்த கடன். எதிர்க்கட்சியைக் கேட்டால் இன்றைய நிர்வாகம். 2021-ல் மின்துறை அமைச்சரே, கம்பியில் ஓடும் அணிலாலும் கரண்ட் போகிறது என்று அணிலைக் கைகாட்டினார், பாவம் அது எந்தக் கட்சியோ! எல்லாம் தனியாருக்குத் தாரை வார்க்கத்தான் என்கிறார் டீக்கடை மாமா. தேர்தல் முடியும்வரை இமைக்காத பல்பு ஓட்டு எண்ணியதும் கண்ணடித்தால், சந்தேகம் வராதா?

வீடு கூடப் பரவாயில்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதுவரை குறுவை நெல் நாற்றங்காலுக்கு போர்வெல் தண்ணீர்தான். மும்முனை மின்சாரமோ நடுராத்திரியில் எட்டிப் பார்க்கும். சித்தப்பா டார்ச்சும் கையுமாக மோட்டார் கொட்டகையிலேயே படுக்கிறார், பாம்புப் பயம் வேறு. ஸ்டார்ட்டரைப் போட்டு வரப்பைத் தாண்டுவதற்குள் மூன்று முனையில் ஒரு பேஸ் இறங்கிவிடும். மோட்டார் காயில் புகைந்தால் ரீவைண்டிங் கூலியை யார் தருவது, அணிலா? கேட்டால் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமாம்!