நடந்தால் இதயத்துக்குப் பலன் இல்லையா? பரவும் செய்தி தவறு

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நடைப்பயிற்சி வீண். 4 நிமிடம் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடினால் இதய அடைப்பு கரையும். மாத்திரை வேண்டாம்."

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் நம்புகிறார்கள். 2007இல் நார்வேயில் இதயச் செயலிழப்பு (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ள 27 பேரிடம் நடந்த ஆய்வில், விட்டுவிட்டுச் செய்த தீவிரப் பயிற்சி மிதமான தொடர்பயிற்சியைவிட அதிகப் பலன் தந்தது. ஆனால் 2017இல் ஐரோப்பாவின் 9 மையங்களில் 261 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளும் 'சர்க்குலேஷன்' என்ற மருத்துவ ஆய்விதழில் உள்ளன. முதல் ஆய்விலும் நோயாளிகள் பெரும்பாலும் கண்காணிப்பில்தான் பயிற்சி செய்தார்கள், மருந்தை நிறுத்தவில்லை.

வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். மிதம் என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

எனக்குக் கவலை தருவது மாத்திரை பற்றிய வரி. ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். நெஞ்சுவலி, பைபாஸ், ஸ்டென்ட் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேக ஓட்டத்தில் இறங்க வேண்டாம். ஓடும்போது நெஞ்சு அழுத்தினால் உடனே நின்று 108ஐ அழையுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.