அதிபதியின் படியை வாங்காத நெகேமியா

வேதாகமத்தில் நெகேமியா என்றதும் நமக்கு அவர் கட்டிய எருசலேமின் அலங்கம்தான், அதாவது நகரத்து மதில்தான், ஞாபகம் வரும். ஓய்வுநாள் பள்ளியிலும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் சொல்லித் தந்தது அதை 52 நாளில் கட்டி முடித்த கதையைத்தான். எனக்கோ நெகேமியா புத்தகத்தின் உயிரே 5-ஆம் அதிகாரத்தில் இருப்பதாகப் படுகிறது.

அலங்க வேலை நடக்கும்போதே ஜனங்கள் அழுதுகொண்டு வருகிறார்கள். பஞ்சத்தில் வயலை அடமானம் வைத்தோம், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக விட வேண்டியதாயிற்று என்கிறார்கள். கடன் கொடுத்து நெருக்கியவர்கள் சொந்த ஜனங்களே. நெகேமியா பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். அதோடு, நானும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறார்.

அப்புறம் வருவதுதான் என்னை உலுக்கியது. 12 வருஷம் யூதேயாவுக்கு அதிபதியாக இருந்தும், அதிபதிகள் வாங்குகிற படியை அவர் வாங்கவில்லை. இன்றைக்கும் பயணப்படி, பஞ்சப்படி என்கிறோமே, அதே படிதான். முன்பிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளியும் வாங்கினார்கள். இவர் பந்தியில் 150 பேர் சாப்பிட்டார்கள்; தினமும் ஒரு காளை, ஆறு ஆடு. இவ்வளவு செலவிருந்தும் கேட்கவில்லை. ஜனங்கள்மேல் பாரம் அதிகமாக இருந்தது, அதுதான் காரணம். அந்தப் படி லஞ்சமில்லை, முறைப்படி அவருக்கு வர வேண்டியது.

நான் ஆறு பேரை வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். அவர்களில் ஒரு அக்கா, தன் மகனின் காலேஜ் ஃபீஸுக்காக என்னிடம் 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். சனிக்கிழமைதோறும் சம்பளத்தில் 500 பிடிப்பேன். வட்டி கிடையாது, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, கவரைக் கொடுத்ததும் அக்கா எண்ணினார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். ஒன்றும் சொல்லாமல் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த வாரம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அது அப்படியே நஷ்டம். தெரிந்துதான் பிடித்தேன்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வந்தது இந்த அதிகாரம். வாசித்து முடிக்க எனக்குக் குரல் வரவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த 500-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வேலை குறைந்த வாரத்தில் யாருக்கும் பிடித்தம் இல்லை என்று நோட்டிலேயே எழுதி வைத்தேன்.

சபைக் கமிட்டியோ வீடோ, தலைமை என்றால் தப்பாக எதையும் எடுக்கவில்லையே என்பதோடு நாம் திருப்திப்பட்டுவிடுகிறோம். அது போதாது என்பது என் கருத்து. நியாயமாக வர வேண்டியதில் எதை விட்டுக்கொடுத்தோம்? அசனத்தில், அதாவது சபை விருந்தில், கடைசிப் பந்தியில் உட்காருகிற கமிட்டிக்காரர்கள் எத்தனை பேர்?

3-ஆம் அதிகாரத்தில் தெக்கோவா ஊரார் வருகிறார்கள். அவர்களுடைய பிரபுக்கள் அலங்க வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை, அதாவது பாரம் சுமக்க முன்வரவில்லை. ஆனாலும் அந்த ஊரார் தங்கள் பங்கை முடித்துவிட்டு, இன்னொரு பங்கையும் கட்டினார்கள் என்று 27-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஜூன் மாதச் சீருடை நெருக்கடியில் ராத்திரி எட்டு மணிவரை இருந்து காஜா எடுத்துக் கொடுத்தது அந்த அக்காதான். நான் 500-ஐத் திருப்பிக் கொடுத்ததற்காக இருக்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அவர் அப்படித்தான் இருந்தார்.